பிடுங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம்: வீட்டுக் கொல்லையின் 'களை'களோடு பழகும் வழி

புது வீட்டுக்குக் குடிவந்த வருஷம், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கொல்லையில் முளைத்திருந்த அத்தனையையும் பிடுங்கி வாசலோரம் குவித்ததுதான். முதுகு ஒடிந்துபோனது. மறுநாள் காலை கூடையோடு வந்த கீரைக்கார அம்மா அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு நின்றார். குனிந்து ஒரு கைப்பிடி உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்ன தம்பி, பருப்புக்கீரையப் பிடுங்கிக் குப்பையில போட்டிருக்க? முந்தாநாள் இதத்தான எங்கிட்ட காசு குடுத்து வாங்குன?"

அதோடு விடவில்லை. குவியலைக் கிளறி மூக்கிரட்டை, தொய்யக்கீரை, கரிசலாங்கண்ணி என்று தனித்தனியாகப் பிரித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை.

களைக்கொத்தைக் கையில் எடுக்குமுன் செடியின் பெயரைக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்படித்தான். அந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. தோட்டக்கலை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறடிக்கு ஆறடி மண் போதும், மொட்டை மாடியில் மண் நிரப்பிச் சும்மா வைத்த ஒரு பெரிய தொட்டிகூடப் போதும். நான் சொல்லும் செடிகள் திருச்சி மாதிரியான சமவெளி ஊர்களில் வடகிழக்குப் பருவமழையோடு முளைப்பவை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் செடிகள் வேறாக இருக்கும், பழகும் முறை இதேதான்.

முதலில் ஒரு மூலையை ஒதுக்குங்கள்

தோட்டம் முழுவதையும் காடாக விடச் சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பாத்தியில் களை எடுக்கத்தான் வேண்டும். வெயில் படும் ஒரு மூலையை, வீட்டு வாசலிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் கொஞ்சம் தள்ளித் தேர்ந்தெடுத்து, நான்கு பக்கமும் செங்கல்லைப் பதித்துவிடுங்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரை அதற்குள் கொத்து படக் கூடாது. மண்ணைக் கிளறவும் வேண்டாம், விதை போடவும் வேண்டாம்.

விதை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், களைச்செடி விதைகளை மணலோடு இருபது பாட்டில்களில் நிரப்பிப் புதைத்து வைத்தார். 2021இல் தோண்டி எடுத்த பாட்டிலிலிருந்தும் விதைகள் முளைத்தன. 142 வருஷம்! நம் கொல்லை மண்ணிலும் பல வருஷத்து விதை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பல களைகளின் விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் விழிப்பு. கொத்திக் கிளறும்போது நாம் அடியில் கிடந்ததை மேலே கொண்டுவந்து எழுப்பிவிடுகிறோம். சுத்தமாகக் களை எடுத்த இடத்தில் பத்தே நாளில் பச்சைக் கம்பளம் விரிவதற்கு அதுதான் காரணம்.

செங்கல் வரிசை அலங்காரத்துக்கு இல்லை. பக்கத்து வீட்டார் "பாம்பு வரும்" என்று சொல்லத்தான் போகிறார்கள். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மூலையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கி வையுங்கள். முழங்காலுக்கு மேல் வளர்ந்ததை அரிவாளால் நறுக்கிவிடுங்கள். உடைந்த ஓடு, விறகு, காலித் தொட்டி எதையும் அங்கே அடுக்காதீர்கள். பாம்பும் தேளும் ஒண்டுவது பெரும்பாலும் அந்த அடுக்குகளில்தான், கொசு முட்டையிடுவது காலித் தொட்டித் தண்ணீரில்தான். சுற்றிலும் ஓரம் சுத்தமாக இருந்தால், உள்ளே இருப்பது விட்டுப்போன இடமாகத் தெரியாது, வேண்டுமென்றே வளர்த்ததாகத் தெரியும். எங்கள் தெருவில் அதற்குப் பிறகுதான் பேச்சு அடங்கியது.

விதிவிலக்கு: பார்த்தவுடன் பிடுங்க வேண்டியவை

பார்த்தீனியத்துக்கு இரக்கமே காட்ட வேண்டாம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி அது. இளசாக இருக்கும்போது கேரட் இலை மாதிரி வெட்டுவெட்டான இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். வளர்ந்தால் இடுப்பளவு உயரம், நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. தொட்டால் தோல் அரிப்பும் படையும் வரும், மகரந்தம் பலருக்கு மூச்சுத் திணறலையே கொண்டுவரும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். இதைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984இல் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். வண்டு பிழைத்துப் பரவியது, பார்த்தீனியமும் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, பூ வருமுன் வேரோடு இழுங்கள். பூத்ததை உரக்குழியில் போடாதீர்கள்.

சீமைக்கருவேலம், சூபாபுல் கன்றுகளையும் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடுங்கள். அடுத்த வருஷம் கடப்பாரை வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊமத்தையும் குன்றிமணியும் வேண்டாம், இரண்டும் கொடிய நஞ்சு. வேலியோரம் கொடியாக ஏறும் செந்தட்டி கையில் பட்டால் ஏன் பிடுங்கச் சொல்கிறேன் என்று தானாகப் புரியும்.

அப்புறம் ஐந்து பெயர்கள்

எல்லாவற்றையும் ஒரே மழையில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஒன்றும் நிற்காது. ஐந்தோடு தொடங்குங்கள். பூ வரும்வரை காத்திருங்கள். இலையை மட்டும் பார்த்து அடையாளம் சொல்வதில் தேர்ந்தவர்களே வழுக்கி விழுவார்கள்.

முதலாவது குப்பைமேனி. நேர் மேலிருந்து பாருங்கள். கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேல் இலைகளுக்குக் குட்டை. ஒன்றின் நிழல் ஒன்றின்மேல் விழாதபடி அத்தனையும் தட்டு மாதிரி பரவியிருக்கும். பூ என்று பெரிதாக எதுவும் தெரியாது, பச்சைக் கிண்ணம் போன்ற செதில்கள்தான் இருக்கும். இதற்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. ஏன் என்று தெரிய ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தெருப்பூனை வரும் வழியில் போட்டுப் பாருங்கள். முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, புரண்டு, எச்சில் ஒழுகி, கால் மணி நேரத்துக்கு அந்தப் பூனை நம் உலகத்தில் இருக்காது. என் பிள்ளைகள் செடிகளின் பெயர் கேட்கத் தொடங்கியதே இதைப் பார்த்த பிறகுதான்.

தும்பையை அறிமுகப்படுத்தவே வேண்டாம். வெளுத்த வேட்டிக்கு நாம் சொல்லும் உவமை அதன் பூதான். அந்தக் காலத்தில் போருக்குப் போனவர்கள் சூடியதும் அதைத்தான். ஆனால் செடியைத் தெரியாமல் உவமையை மட்டும் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். முழங்கால் உயரம், நாற்கோணத் தண்டு, கணுவில் உருண்டையான பச்சைக் கொத்து, அதிலிருந்து நாக்கு நீட்டியது போல் வெள்ளைப் பூக்கள். ஒரு பூவை உருவி அடிமுனையை உறிஞ்சினால் துளித் தேன் வரும்.

கீழாநெல்லியின் பெயரே அடையாளம். சிறகு போன்ற கிளையைத் திருப்பினால், இலை வரிசையின் கீழே கடுகளவு நெல்லிக்காய்கள் வரிசையாகத் தொங்கும்.

மூக்கிரட்டை தரையோடு படரும், தண்டு சிவப்போடியது. இளஞ்சிவப்பில் பொடிப் பூ. காய் பசையாக விரலில் ஒட்டும், கோழி இறகிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டித்தான் அது ஊர் சுற்றுகிறது. மேலே வாடினாலும் அடியில் தடித்த வேர் உயிரோடு இருக்கும். இதையும் சாரணையையும் ஒன்று என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டிலும் கணுவுக்கு இரண்டு இலை, ஒன்று பெரிது ஒன்று சிறிது. ஆனால் சாரணையின் தண்டு சதைப்பற்றானது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு மறக்காது.

ஐந்தாவது வெட்டுக்காயப்பூண்டு. கிணற்றடிப்பூண்டு என்றும் சொல்வார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தாப்பூ. ஒல்லியான நீண்ட காம்பின் உச்சியில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் பால்வெள்ளை இதழ் நான்கைந்து, ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல். வருஷம் முழுக்கப் பூக்கும். இதில் ஒரு வேடிக்கை: இதுவும் பார்த்தீனியம் வந்த அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான், இரண்டும் ஒரே சூரியகாந்திக் குடும்பம் வேறு. நாட்டுச் செடி நல்லது, வந்தேறி கெட்டது என்று நான் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தேன். தாத்தாப்பூவில் மொய்க்கும் பட்டாம்பூச்சிகளைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஒவ்வொரு செடியாக, அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

செல்போனில் படம் எடுத்தால் கூகுள் லென்ஸோ ஐநேச்சுரலிஸ்ட்டோ ஒரு பெயர் சொல்லும். முழுச்செடி, பூ, இலையின் அடிப்புறம், கணு என்று நான்கு படம் எடுங்கள். அது சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். தெருவில் கீரை விற்பவரிடமோ ஆடு மேய்ப்பவரிடமோ காட்டிக் கேட்டால் பெயரோடு கதையும் கிடைக்கும். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் இரண்டு பேரிடமாவது கேளுங்கள்.

செடியைப் பாடம் பண்ணி வைப்பதும் எளிது. பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தினமும் தாளை மாற்றினால் பத்து நாளில் காய்ந்துவிடும். பருப்புக்கீரை மாதிரி சதைப்பற்றானதை முதலில் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள், இல்லையென்றால் தாளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். பெயர், தேதி, இடம் எழுதி ஒட்டிவிடுங்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் கே.எம். மேத்யூ பாதிரியார் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் இருக்கும் தாள்களும் அடிப்படையில் இதே செய்தித்தாள் வித்தையில் உண்டானவைதான்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல்

இந்தப் படிக்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறும் நேரத்தில் மூலையின் பக்கத்தில் பதினைந்து நிமிஷம் உட்காருங்கள்.

புளியாரையின் மேல் தாழப் பறக்கும் கட்டைவிரல் நகமளவு நீலப் பட்டாம்பூச்சியை முதலில் பார்ப்பீர்கள். அதன் புழுவுக்கு உணவே புளியாரைதான். வேலியில் சிறுபூனைக்காலி இருந்தால் அதன் இலைகளில் முள்முள்ளான செம்பழுப்புப் புழுக்கள் கூட்டமாக இருக்கும். கொடியை மொட்டையாக்கிவிடும், கவலை வேண்டாம், மறுபடி துளிர்க்கும்.

எனக்குப் பிடித்த கதை பருப்புக்கீரையில் இருக்கிறது. அதில் முட்டையிடும் ஒரு பட்டாம்பூச்சியில் ஆண் கறுப்பு, இறகில் பெரிய வெள்ளை வட்டங்கள், அந்த வட்டங்களின் விளிம்பில் ஊதா மினுமினுப்பு. பெண் முற்றிலும் வேறு மாதிரி: செம்மஞ்சள் இறகு, கறுப்பு முனை, வெள்ளைப் பட்டை. அசப்பில் எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியனைப் போலவே இருக்கும். வெந்தய வரியன் எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னாது. பருப்புக்கீரையில் நஞ்சு ஏது? ஆகவே இந்தப் பெண் பூச்சி எருக்கஞ்செடிக்காரியின் சேலையைக் கட்டிக்கொண்டு திரிகிறது. நான் குப்பையில் குவித்த ஒரு செடியும், தெருமுனையில் நகராட்சி வெட்டித் தள்ளும் ஒரு செடியும் சேர்ந்து நடத்தும் நாடகம் இது. ஸ்டூல் போட்டு உட்காராவிட்டால் தெரிந்தே இருக்காது.

தட்டுக்கு வருவது

கீரையில் அவசரம் கூடாது. சாக்கடை ஓரம், நாய் ஒண்ணுக்கு அடிக்கும் தெருவிளிம்பு, களைக்கொல்லி அடித்த இடம் எதிலும் பறிக்காதீர்கள். பெயர் நூற்றுக்கு நூறு உறுதியான பிறகே பறியுங்கள். முதல் தடவை ஒரு பிடி மட்டும், அதுவும் வேகவைத்து.

தொடங்கப் பருப்புக்கீரைதான் சரி. வழவழப்பான தடித்த தண்டு, ஆப்பு வடிவச் சதை இலை, காலை வெயிலில் சில மணி நேரம் மட்டும் விரியும் மஞ்சள் பூ. காயின் மேல்பாகம் மூடி மாதிரி கழன்றுகொள்ளும், உள்ளே கறுப்பு விதை. இதோடு குழம்பக்கூடிய ஒன்று சித்திரப்பாலாடை, அதுவும் தரையோடு படரும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது வேறு செடி, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

பருப்புக்கீரை கெட்டிக்காரச் செடி. தண்ணீர் இருக்கும்வரை சோளமும் கரும்பும் போல் வேகமாக வளரும். வறட்சி வந்தால் கள்ளிச்செடி மாதிரி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் காற்றை உள்ளிழுக்கும். இரண்டு முறையும் கைவந்த செடிகள் மிகக் குறைவு. ஒமேகா-3 கொழுப்பு நல்ல அளவில் உள்ள கீரையும்கூட. ஆக்சலேட்டும் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள், மற்றவர்களும் தினமும் தின்ன வேண்டாம்.

பாசிப்பருப்பைச் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு குழைய வேகவைத்து, கடைசி ஐந்து நிமிஷம் நறுக்கிய கீரையைப் போட்டு, மத்தால் ஒரு கடை. புளி வேண்டாம், கீரையிலேயே புளிப்பு இருக்கிறது. கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் சரி.

சங்கப் பாட்டு ஒன்றில், வறுமைப்பட்ட வீட்டில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்புக்கூட இல்லாமல் அவித்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறார்கள். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. "காசு குடுத்து வாங்க முடியாதா, கொல்லையில புடுங்கித்தான் சமைக்கணுமா?" என்று என் அத்தை கேட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டார்.

மருந்து விஷயம் வேறு. கீழாநெல்லி மஞ்சள்காமாலைக்கு என்று ஊரே சொல்லும். சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் மருத்துவ இதழில், ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களில் பலருக்கு அது பலன் தந்ததாக எழுதினார்கள், பெரிய பேச்சானது. பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண் மஞ்சளானால் கொல்லைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அடங்காத இரண்டு

கோரையும் அருகும் செங்கல்லைத் தாண்டி வரும். கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்குகள் சங்கிலி மாதிரி தொடுத்திருக்கும். மேலே பிடுங்கினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும். கொத்தக் கொத்தப் பெருகும் என்று விவசாயிகள் சலித்துக்கொள்வது இதைத்தான். கரண்டியால் ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். கழுவிக் காயவைத்தால் நலங்குமாவுக்கு ஆகும், வாசனை அபாரம். பிறகும் வந்தால் அங்கே தண்ணீர் அதிகம் நிற்கிறதா என்று பாருங்கள். அருகைப் பிள்ளையாருக்குக் கொஞ்சம் விட்டு, பாத்திப் பக்கம் நீளும் கொடிகளை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். கணு மண்ணில் பட்டால் வேர் விட்டுவிடும். பிடுங்கிய பருப்புக்கீரையையும் ஈர மண்ணில் போட்டு வைக்காதீர்கள், அதுவும் எழுந்துகொள்ளும்.

தை பிறந்த பிறகு

பனி விலகி மண் காயும்போது மூலை பழுப்பாகும். அப்போது வேரோடு பிடுங்காமல், மூலையில் பாதியை மட்டும் தரையோடு அரிவாளால் அறுங்கள். வேர் உள்ளேயே மக்கி மண்ணில் துளை விடும். கொளுஞ்சி இருந்தால் அதன் வேர்முடிச்சில் சேர்ந்த தழைச்சத்தும் மண்ணுக்கே. அறுத்ததை வாழைக்கும் கத்தரிக்கும் மூடாக்காகப் போடலாம், விதை முற்றியதை மட்டும் மூலைக்குள்ளேயே உதறிவிட்டுப் போடுங்கள். மறு பாதியில் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும், அதை மாசி வரை விடுங்கள். நாயுருவிக் காய் வேட்டியில் ஒட்டும் மாதம் இது. மூலைக்குப் போய்வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன் தட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் திட்டு மிச்சம்.

என்ன முளைத்தது, எப்போது பூத்தது, என்ன பூச்சி வந்தது என்று ஒரு பழைய டைரியில் ஒரு வரி எழுதி வையுங்கள். என் மூலையில் முதல் வருஷம் பெயர் தெரிந்தவை ஐந்து, நாலாவது வருஷம் முப்பத்தொன்று. இவை போக இரண்டுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

கீரைக்கார அம்மா இப்போது கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் போகிறார். தொய்யக்கீரை தழைத்திருந்தால் கேட்டுவிட்டு அறுத்துக்கொள்வார், அடுத்த தெருவில் விற்றுவிடுவார். எனக்கு ஒரு கட்டு இலவசம்.